பாதிப் பாட்டு வரைக்கும் குரல் கேக்காது

செகண்ட் இயர்ல ஆன்லைன்ல 299 ரூபாய்க்கு ஒரு கறுப்பு டி-ஷர்ட் வாங்கினேன். நெஞ்சுப் பக்கம் வெள்ளைக் கோடுகள், மலைத்தொடர் மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. பார்க்க நல்லா இருந்தது, ஆஃபர்ல இருந்தது, வாங்கிட்டேன். ஒரு சனிக்கிழமை லேபுக்கு அதைப் போட்டுக்கிட்டுப் போனேன். எங்க சார் ஆசிலாஸ்கோப்பை விட்டுட்டு என் சட்டையை உத்துப் பார்த்தார்.

"இது என்ன வேவ்ஃபார்ம்?"

"டிசைன் சார்."

"டிசைனா? எக்ஸ் ஆக்சிஸ்ல என்ன, ஒய் ஆக்சிஸ்ல என்ன?"

மொத்த பேட்சும் சிரிச்சது. இசிஇ படிக்கிறவன் நெஞ்சுல ஒரு சிக்னலைப் போட்டுக்கிட்டு அது சிக்னல்னு தெரியாம நின்னேன்.

அன்னிக்கு சாயங்காலம் சிதம்பரத்துலேர்ந்து வீட்டுக்குப் போற பாசஞ்சர்ல உட்கார்ந்து தேடினேன். அது நிஜமாவே ஒரு சிக்னல்தான். 1967ல் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டுபிடித்த முதல் பல்சரிலிருந்து வந்த ரேடியோ துடிப்புகள். சுமார் 1.337 விநாடிக்கு ஒரு துடிப்பு. அப்படி எண்பது துடிப்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் வரும் படம் அது. ஹெரால்ட் கிராஃப்ட் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தன் பிஎச்டி ஆய்வுக்காகப் போட்டது. அதை எடுத்துக் கறுப்பு அட்டையில் வெள்ளைக் கோடாக மாற்றி, 1979ல் 'அன்நோன் பிளஷர்ஸ்' என்ற ஆல்பத்தின் அட்டையாக வைத்தார் பீட்டர் சாவில் என்ற டிசைனர். இசைக்குழுவின் பெயர் ஜாய் டிவிஷன். ஊர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம்.

சட்டை போட்ட பாவத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம்னு கேட்டேன். உண்மையைச் சொல்றேன், முதல் தடவை பிடிக்கவே இல்ல. குளிர்ச்சியா, தூரமா, யாரோ காலியான குடோன்ல பாடற மாதிரி இருந்தது. பிடிச்சது அதுக்கப்புறம் ஆட்டோ-பிளேல தானா வந்த ஒரு லைவ் பாட்டு. அதுல பாதிப் பாட்டு வரைக்கும் பாடகரோட குரலே சரியா கேக்காது. அந்தப் பாட்டைப் பத்தியும், அது ஏன் நம்ம காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு முக்கியம்னும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் எல்கேஜிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். எழுத்துல தப்பு இருந்தா எடிட்டர் மேல போட்டுடுங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1976ல் இங்கிலாந்தில் பங்க் இசை வெடித்தது. மூணு கார்டு, ரெண்டு நிமிஷப் பாட்டு, ஏகப்பட்ட கோபம். அந்த வருஷம் ஜூன் மாதம் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் கச்சேரியைச் சின்னக் கூட்டம் ஒண்ணு பார்த்தது. அதில் இருந்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் 'இவனுங்களே வாசிக்கிறானுங்க, நாம வாசிக்கக் கூடாதா' என்ற தைரியத்தில் குழு ஆரம்பித்தார்கள். இயன் கர்டிஸ் பாடகராக வந்தார், ஸ்டீபன் மாரிஸ் ட்ரம்ஸுக்கு வந்தார். பங்க்கோட தைரியத்தை வெச்சுக்கிட்டு, அதோட அவசரத்தை விட்டுட்டு, பாட்டுக்குள்ள இடைவெளி விட்டு வாசிச்ச இந்த மாதிரி குழுக்களைத்தான் போஸ்ட்-பங்க்னு சொல்றாங்க.

ஜாய் டிவிஷனில் பாதி ராகம் பேஸ் கிட்டாரில்தான் ஓடும். ஹூக் அதை மேல் ஸ்தாயியில் வாசிப்பார். காரணம் இசைக் கொள்கை எல்லாம் இல்ல. அவரோட ஆம்ப்ளிஃபயர் மட்டமானது. கீழ் ஸ்தாயியில் வாசித்தால் சம்னரின் கிட்டார் சத்தத்தில் அவருக்கே அவர் வாசிப்பது கேட்கவில்லை. மேலே போனால் கேட்டது, அதனால் மேலேயே இருந்துவிட்டார். இன்னிக்கு உலகம் பூரா காப்பி அடிக்கிற ஒரு ஸ்டைல், நல்ல ஆம்ப் வாங்கக் காசில்லாததால் பிறந்தது.

ஸ்டுடியோவில் அவர்களுக்குக் கிடைத்த தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். நம்ம டிபார்ட்மென்ட் ஆள் மாதிரி யோசிக்கிறவர். அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் டிலே கருவியை ட்ரம்ஸ் மேல் போட்டார். ட்ரம்ஸின் ஒவ்வொரு பாகமும் மற்றதில் கலக்காமல் தனித்தனியாகப் பதிவாக வேண்டும் என்று மாரிஸைப் படுத்தி எடுத்தார். ஸ்டுடியோ லிஃப்ட் ஓடும் சத்தத்தையும் கண்ணாடி உடையும் சத்தத்தையும் பாட்டில் சேர்த்தார். சம்னருக்கும் ஹூக்குக்கும் அந்த ஆல்பம் முதலில் பிடிக்கவில்லை. மேடையில் நாங்கள் வாசிக்கிற வேகமும் முரட்டுத்தனமும் இதில் எங்கே என்பது அவர்கள் கேள்வி. ஹானெட் செய்தது நல்ல வேலைதான் என்று ஹூக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். நானும் ஒப்புக்கறேன். ஆனா மேடையில இருந்தது எங்கேன்னு அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் ஸ்டுடியோ ஆல்பத்துல இல்ல, லைவ் பதிவுலதான் இருக்கு.

1980 மே 2. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஹை ஹால். பெரிய ஸ்டேடியம் இல்ல, மாணவர் விடுதியோட ஹால். நம்ம ஊர் கணக்குல ஹாஸ்டல் டே கச்சேரின்னு வெச்சுக்கலாம். அன்று 'செரிமனி' என்ற புதுப் பாட்டை முதல் தடவையாக மேடையில் வாசித்தார்கள். அதே கடைசித் தடவையும் ஆனது. மே 18ஆம் தேதி இயன் கர்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. குழுவின் முதல் அமெரிக்கப் பயணம் தொடங்க இருந்த நேரம். அடுத்த வருஷம், 1981ல், 'ஸ்டில்' என்ற பெயரில் இரட்டைத் தட்டு வந்தது. முதல் தட்டில் பெரும்பாலும் ஸ்டுடியோ மிச்சங்கள். இரண்டாவது தட்டு பர்மிங்காம் கச்சேரி.

அந்தத் தட்டின் முதல் பாட்டுதான் நான் சொன்னது. கிட்டார் வருது, ட்ரம்ஸ் வருது, பாட வேண்டிய இடம் வருது, ஆள் பாடறார்னு தெரியுது, ஆனா குரல் எங்கயோ சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. போகப் போகத்தான் யாரோ ஃபேடரை ஏத்தின மாதிரி குரல் மேல வருது. ஸ்டுடியோவா இருந்தா "கட், முதல்லேர்ந்து போலாம்"னு சொல்லியிருப்பாங்க. இங்க அப்படிச் சொல்ல வழியில்ல. அந்தப் பாட்டை அவர் மேடையில இன்னொரு தடவை பாடவே இல்ல.

மீதி மூணு பேரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அதே பாட்டைத்தான் 1981ல் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள். பாட்டு வரிகள் எழுதி வைத்த தாள் கிடைக்கவில்லை. சம்னர் பழைய பதிவை கிராஃபிக் ஈக்வலைசரில் ஓட்டி, இரைச்சலுக்குள்ளிருந்து சொல் சொல்லாகப் பிடித்து எடுத்தார். ஃபில்டர் டிசைன் எதுக்குப் படிக்கிறோம்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்த எனக்குக் கிடைச்ச முதல் உருப்படியான பதில் இது.

இப்ப என் பாயின்ட்டுக்கு வரேன். நமக்குச் சொல்லித் தர்றது, சிக்னல் வேணும், நாய்ஸ் வேண்டாம். சிக்னல்-டு-நாய்ஸ் ரேஷியோ எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ரேடியோ லிங்க்குக்கு இது சரி. கச்சேரிக்கும் சரியா? எது சிக்னல், எது நாய்ஸ்னு நாம முன்னாடியே முடிவு பண்ணியிருந்தாத்தான் அந்தக் கணக்கே போட முடியும். கச்சேரியில கைதட்டல் நாய்ஸா? தப்பு வாசிச்சுட்டு அடுத்த சுத்துல சரி பண்றது நாய்ஸா? பாட்டுக்கு நடுவுல ட்யூன் பண்ற ரெண்டு விநாடி நாய்ஸா?

எங்க வீட்ல ஒரு கல்யாண சிடி இருக்கு. 2006ல் திருப்பாதிரிப்புலியூர்ல நடந்த எங்க அத்தை கல்யாணம். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப ஓடு பறந்து போட்டோ ஆல்பம் எல்லாம் ஊறிப்போச்சு, சிடி மட்டும் தப்பிச்சது. அதுல தாலி கட்டற நேரம், கெட்டிமேளம் உச்சத்துல இருக்கு, நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடிச்சு வாசிக்கிறார். அதுக்கு நடுவுல எங்க தாத்தாவோட குரல்: "மூணாம் பந்திக்கு ரசம் போவல, எவன்டா அங்க நிக்கறது?" வீடியோகிராஃபர் அப்பவே, "இந்த இடத்துல சவுண்டை எடுத்துட்டு ஒரு பாட்டு போட்டுடவா சார்?"னு கேட்டாராம். நல்லவேளை, எக்ஸ்ட்ரா காசு கேட்டதால அப்பா வேண்டாம்னுட்டார். தாத்தா போய் ஏழு வருஷம் ஆகுது. அந்த சிடியில எங்க குடும்பம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறது அந்த ரசத்தைத்தான். அன்னிக்கு நாய்ஸா இருந்தது இன்னிக்கு எங்களுக்கு சிக்னல்.

லைவ் ஆல்பத்தோட ஈர்ப்பு எனக்கு இதுதான். அதுல பாட்டு மட்டும் பதிவாகறதில்ல. ஒரு இடமும், ஒரு நேரமும், அங்க இருந்த ஆட்களும் சேர்ந்து பதிவாகுது. ஸ்டுடியோ பதிவு 'இந்தப் பாட்டு எப்படி இருக்கணும்'னு சொல்லுது. லைவ் பதிவு 'அன்னிக்கு என்ன நடந்தது'ன்னு சொல்லுது.

இது ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. நம்ம பக்கத்துல எப்பவும் கச்சேரிதான் அசல், தட்டு அதோட சாம்பிள். பழைய 78 ஆர்பிஎம் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் பிடிக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டாக வந்து ஊர் ஊராகப் பிரபலமானது. ஆனால் கோயில் வீதியில் அவர் அதே தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார். தட்டைக் கேட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. அதைக் கேட்டதால்தான் அவர் வாசிக்கிற ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடறப்ப கீழ ரத வீதியில நின்னவங்களுக்குத் தெரியும். மல்லாரி ஆரம்பிக்கும்போது கூட்டம் தள்ளும், ஐஸ் வண்டி மணி அடிக்கும், வடம் பிடிக்கிறவங்க கத்துவாங்க, தவில் அது எல்லாத்துக்கும் மேல கேக்கும். அதை ஏசி ஹால்ல சுத்தமா பதிவு பண்ணிக் கொடுத்தா கேட்பேன், மறுக்கல. ஆனா தேர் நகர்ற மாதிரி இருக்காது.

சமீபத்து உதாரணமும் இருக்கு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் கச்சேரி நடந்தது. பத்தொன்பது பேர் மேடையில். கானா, பறை, ராப், எலெக்ட்ரிக் கிட்டார் எல்லாம் ஒண்ணா. அந்தக் கச்சேரி வீடியோவை நான் ஸ்கூல் படிக்கும்போது போன்ல பார்த்தேன். எனக்கு அன்னிக்கு வரிகள் பாதிக்கு மேல புரியல. ஆனா அந்த மைதானத்துல நிக்கிறவங்க மூஞ்சி புரிஞ்சது. இதுவரைக்கும் எந்த மேடையும் தங்களைப் பாடினதில்லன்னு தெரிஞ்ச ஜனங்க, இன்னிக்கு ஒரு மேடை பாடுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் பார்வையை ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ண முடியாது.

இங்க என் ரூம்மேட் குறுக்க வருவான். இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு அவன் சொன்னது: "மச்சி, அந்த ஆளு செத்துட்டான், அதனாலதான் உனக்குப் புடிச்சிருக்கு. இல்லன்னா இது மட்டமான ரெக்கார்டிங். அவ்ளோதான்."

அடிச்சுப் பேச முடியல. பாதி உண்மை. 'பதினாறு நாள்ல இந்தக் குரல் இருக்காது'ன்னு தெரிஞ்சு கேக்கறது வேற, தெரியாம கேக்கறது வேற. அதனால ஒரு டெஸ்ட் வெச்சேன். அதே குழு 1979 டிசம்பர் 18 அன்று பாரிஸில் 'லே பேன் தூஷ்' என்ற கிளப்பில் வாசித்த பதிவு 2001ல் ஆல்பமாக வந்தது. சத்தம் தெளிவா இருக்கு, குரல் முன்னாடி இருக்கு, கடைசிக் கச்சேரி என்ற பாரமும் இல்ல. எதுவும் சொல்லாம அதை அவனுக்குப் போட்டேன். மூணாவது பாட்டுல, "இது ஸ்டுடியோவை விட ஃபாஸ்டா இருக்குல்ல"ன்னான். நான் ஜெயிச்சேன்னு சொல்ல வரல. ஆனா சாவு மட்டும் காரணம் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சது. மேடையில நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் துரத்தறாங்க. ஹானெட் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா பிரிச்சு வெச்சதுல அந்தத் துரத்தல்தான் போயிடுச்சு.

சாவைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கர்டிஸ் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் வேலை. பிறகு அவருக்கே வலிப்பு நோய். மேடையிலேயே வலிப்பு வந்திருக்கிறது. ஆடுறாரா, வலிப்பா என்று கூட்டத்துக்குத் தெரியாத இரவுகள் உண்டு. அதை 'ஆர்ட்டிஸ்ட்னா அப்படித்தான்'னு ரசிக்கிற ஒரு கும்பல் இணையத்துல இருக்கு. நான் அதுல இல்ல. 23 வயசுல ஒருத்தர் போறது அழகு இல்ல, நஷ்டம். பிளேஸ்மென்ட் சீசன்ல நம்ம ஹாஸ்டல்ல ராத்திரி தூங்காம இருக்கிறவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். யாருக்காவது மனசு ரொம்பக் கனமா இருந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், இலவசம், தமிழ்ல பேசலாம். இல்ல, பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க.

சரி, இப்ப நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதறேன்னு சொல்லிடறேன். போன வருஷக் கல்ச்சுரல்ஸ் ரெண்டாம் நாள் ராத்திரி நம்ம காலேஜ் பேண்ட் ஏறினது ஞாபகம் இருக்கும். ஒரு பாடகி, ஒரு கிட்டார், கடன் வாங்கின ஒரு பேஸ், ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தரோட ட்ரம்ஸ். பழைய இளையராஜா பாட்டு ஒண்ணு. ஆரம்பிச்சாங்க. முதல் சரணம் வரைக்கும் பாடகி குரல் கேக்கல. 'பிஏ சிஸ்டம் ஃபால்ட்'னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ஃபால்ட் எதுவும் இல்ல. மிக்சர்ல உட்கார்ந்திருந்தவன் நான். சவுண்ட் செக் முடிஞ்சப்ப அவங்க சேனலை மியூட் பண்ணினேன், திரும்ப எடுக்க மறந்துட்டேன். விளக்கு அணைஞ்ச இருட்டுல அந்தச் சின்னச் சிவப்பு லைட் என் முன்னாடியே எரிஞ்சுக்கிட்டிருந்தது, நான் மேடையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டு விஷயம் நடந்தது. அவங்க பாடறதை நிறுத்தல. முன் வரிசையில இருந்த பசங்க உதட்டைப் பார்த்துப் பாட ஆரம்பிச்சாங்க, அது பின்னாடி போச்சு, ஓப்பன் ஏர் தியேட்டர் முழுக்கப் பல்லவியைப் பாடுச்சு. நான் மியூட்டை எடுத்தப்ப அவங்க குரல் அந்தக் கூட்டத்துக்கு மேல வந்து உட்கார்ந்தது. இறங்கி வந்ததும் திட்டுவாங்கன்னு நின்னேன். "நல்லவேளைடா, முதல் வரியில சுருதி விட்டுட்டேன், யாருக்கும் கேக்கல"ன்னாங்க.

அதுக்கு மிச்சம் இருக்கிறது ஒரு ஜூனியர் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு போன்ல எடுத்த 3 நிமிஷம் 40 விநாடி வீடியோ. சத்தம் கிழியுது. ஆரம்பத்துல அவனோட குரல், "அய்யோ மைக் போச்சு, மைக் போச்சு"ன்னு. ட்ரம்ஸ் வாசிச்ச அண்ணன் இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையில இருக்கார். நைட் ஷிஃப்ட் பஸ்ல அதைத்தான் கேட்டுக்கிட்டுப் போறாராம். அவர் வாசிச்சதுலயே சுத்தமா ரெக்கார்ட் ஆன ரெண்டு கவர் பாட்டு இருக்கு, அதை அவர் கேக்கறதில்ல. நான் 'செரிமனி'யை ஏன் இத்தனை தடவை கேக்கறேன்னு இப்ப உங்களுக்குப் புரியும். பர்மிங்காம்ல அந்த ஃபேடர் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவரோட வயித்துல அப்ப என்ன நடந்திருக்கும்னு தெரியும்.

இந்த வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு வந்திருக்கிற முடிவு இது: லைவ் இன்ஸ்ட்ருமென்ட் வேண்டாம், எல்லாரும் டிராக் போட்டுப் பாடணும், மீதி நேரம் டிஜே. காரணம் 'போன வருஷம் ஆன மாதிரி டெக்னிக்கல் ப்ராப்ளம் வரக் கூடாது'. அதாவது நான் ஒரு பட்டனை மறந்ததுக்கு மொத்தக் காலேஜும் கரோக்கி பாடணும். இதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியல.

எதிர்த் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். லைவ்னா செட்டப்புக்கு நேரம் ஆகும். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவுல இருபது நிமிஷம் மேடை காலியா கிடக்கும், கூட்டம் கத்தும். ட்ரம்ஸுக்கு மைக் போட ஆள் வேணும். சீஃப் கெஸ்ட் முன்னாடி ஸ்பீக்கர் கீச்னு அலறினா பதில் சொல்ல வேண்டியது மாணவர்கள் இல்ல, கமிட்டியில இருக்கிற பேராசிரியர்கள். எல்லாம் சரி. ஆனா இது எல்லாத்துக்கும் தீர்வு இருக்கு, அதுவும் நம்ம சிலபஸுக்குள்ளயே. கீச்னு அலறுறது ஃபீட்பேக். லூப் கெயின் ஒண்ணுக்கு மேல போகாம பார்த்துக்கணும்னு ஃபோர்த் செமஸ்டர்ல பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருக்கோம். மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்னாடி வை, அலறுற ஃப்ரீக்வென்சியை ஈக்வலைசர்ல குறை. மியூட் பட்டனை மறக்காம இருக்க ஒரு செக்லிஸ்ட் ஒட்டினா போதும். நானே எழுதித் தரேன். முதல் வரியிலயே 'மியூட்'னு இருக்கும்.

டிராக் போட்டுப் பாடினா தப்பே வராதுன்னு இல்ல. பாடறவர் ஒரு வரி தடுமாறினா டிராக் அவருக்காக நிக்காது, அது பாட்டுக்குப் போயிடும். கூட வாசிக்கிற நாலு பேர் நிப்பாங்க, ஒரு சுத்து எக்ஸ்ட்ரா வாசிச்சு, கண்ணால சைகை காட்டி, பாடகரைத் திரும்ப உள்ள கூட்டிட்டு வருவாங்க. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படம் பாருங்க. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பேன்டேஜஸ் தியேட்டரில் எடுத்தது. காலி மேடையில் டேவிட் பைர்ன் ஒரு கிட்டாரும் ஒரு டேப் பிளேயருமாக வந்து நிற்கிறார். அடுத்தடுத்த பாட்டுக்கு ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். ஒரு மனுஷன் டேப்போட தனியா பாடறதுக்கும் மேடை நிறைய ஆளோட பாடறதுக்கும் வித்தியாசம் என்னன்னு அந்தப் படம் கண்ணெதிர்ல காட்டிடுது. நம்ம கமிட்டி அந்த முதல் பாட்டோட நின்னுக்கலாம்னு சொல்லுது.

இன்னொண்ணு. நாம இருக்கிறது சிதம்பரம். 1929ல் தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம்னு நம்ம வயசுப் பசங்க டிகிரி படிக்கிறாங்க. தமிழ்ப் பாட்டு மேடை ஏறணும்னு 1941ல் தமிழிசை மாநாடு கூடினது அங்கதான். நாட்டியாஞ்சலி 'ஸ்டில்' வந்த அதே 1981லேர்ந்து இந்த ஊர்ல நடக்குது. கையில வாத்தியம் வாசிக்கிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு நாம வெளியூர்லேர்ந்து டிஜே வரவழைச்சு, பென் டிரைவ் சொருகிக் கேக்கறோம். நம்ம காலேஜ் கிட்டாரும் அங்க படிக்கிற ஒருத்தரோட மிருதங்கமும் சேர்ந்து ஒரு மணி நேரம் வாசிச்சா என்ன ஆகும்? நல்லா வரலாம், சொதப்பலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் பத்து வருஷம் கழிச்சு ஞாபகம் இருக்கும். போன வருஷம் டிஜே போட்டதுல ஒரு பாட்டு சொல்லுங்க பார்க்கலாம்.

அதனால நான் கேக்கறது மூணு. ஒண்ணு, மூணாம் நாள் ராத்திரியில ஒரே ஒரு மணி நேரம், டிராக் இல்லாம, வாத்தியம் மட்டும். டிஜேவை எடுக்கச் சொல்லல, அவருக்கு முன்னாடி வெச்சுக்கலாம். ரெண்டு, அந்த ஒரு மணி நேரத்தை ஒழுங்கா பதிவு பண்ணணும். மிக்சர்லேர்ந்து ஒரு லைன், கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு மைக், லேப்டாப்ல ரெக்கார்டிங். மூணு, அதை அப்புறம் 'க்ளீன்' பண்ணக் கூடாது. ஆட்டோட்யூன் வேண்டாம், கைதட்டலை வெட்ட வேண்டாம், "மைக் போச்சு"ன்னு எவனாவது கத்தினா அதுவும் இருக்கட்டும். இந்த இதழோட அடுத்த இஷ்யூல அப்படியே போடுவோம்.

எனக்கு இது கடைசி செமஸ்டர். மே மாசத்துக்கு அப்புறம் யார் யார் எங்க இருப்போம்னு தெரியாது. என் ஆஃபர் லெட்டர்ல ஊர் பேரே இன்னும் போடல. பாடகி இந்த வருஷமும் பாடறேன்னு சொல்லிட்டாங்க. கிட்டார் இருக்கு, பேஸ் திரும்பவும் கடன் கேக்கணும். கமிட்டிக்குக் கொடுக்கிற மனுவுல இதுவரைக்கும் 41 கையெழுத்து ஆகியிருக்கு, கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டு கிட்ட ஷீட் இருக்கு, போற வழியில போட்டுட்டுப் போங்க. ட்ரம்ஸ் வாசிக்கத் தெரிஞ்சவங்க, ஃபர்ஸ்ட் இயரா இருந்தாலும் பரவாயில்ல, இந்த இதழ் டீம்ல யார்கிட்டயாவது சொல்லுங்க. மிக்சருக்கு ஆள் வேணாம், அங்க நான் இருக்கேன்.